கொதிக்க வைத்த தண்ணீர்

கொலோனியா சாந்தா ஒதீலியா
14 மார்ச் 1998

மச்சான் லிசாந்த்ரோவுக்கு,

நாலு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. நில்தா இருக்கிறாள், நானும் இருக்கிறேன், மாடுகளும் இருக்கின்றன. நான் எழுதுவது நில்தாவுக்குத் தெரியாது. உன் தங்கைக்கும் உனக்கும் நடுவில் இருப்பதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. எழுதுவது பீரைப் பற்றி. சிரிக்காதே.

டிசம்பர் கோடையிலிருந்து மறுபடியும் காய்ச்ச ஆரம்பித்திருக்கிறேன். உன் கொட்டகையில் ஆறு வருடம் காய்ச்சினோமே, அதே கணக்கு. அதே ஐந்து கிலோ பார்லி மால்ட், உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வந்த அதே ஹாப்ஸ் பூ, அதே ஒரு மணி நேரக் கொதி. உன்னிடம் படித்ததில் ஒரு இம்மிகூட மாற்றவில்லை. ஆனால் வருவது வேறு எதுவோ. முதல் மிடறு பரவாயில்லை. அப்புறம் மாத்தே டீ இலையை மென்று விழுங்கியது போல நாக்கு சுருண்டுகொள்கிறது. நிறம் வைக்கோல் நிறமாக இருக்க வேண்டாமா? துணி அலசின தண்ணீர் மாதிரி இருக்கிறது. நாலு தடவை காய்ச்சி நாலு தடவையும் பன்றித் தொட்டியில் ஊற்றினேன். நாலாவது தடவை பன்றியே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நேற்று நில்தா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "லிசாந்த்ரோ செஞ்சா தேனு, நீ செஞ்சா கஷாயம். கைராசி அப்படி" என்றாள். நாலு வருடத்தில் இந்த வீட்டில் உன் பெயர் விழுந்தது அப்போதுதான். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

முன்பெல்லாம் ஹாப்ஸை உதிர்த்துக் கொடுப்பது அவள்தானே. இப்போது தொடமாட்டேன் என்கிறாள். உள்ளங்கையெல்லாம் சின்னச் சின்னதாகக் காய்த்துப்போய், உரசினால் குத்துகிறதாம். "துணி துவைச்சுத் துவைச்சு ஆணி புடிச்சிருக்கு" என்கிறாள்.

பீர் எங்கே கெடுகிறது என்று மட்டும் சொல். போன் செய்யாதே. கடையில் இருக்கிறது ஒரே போன். அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும்.

நெஸ்தோர்

•

எல் பொல்சோன்
29 மார்ச் 1998

நெஸ்தோர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹாப்ஸ் அறுவடை முடிந்து உலர்த்தும் வேலை இப்போதுதான் ஓய்ந்தது. அதனால் தாமதம்.

கைராசி என்று ஒன்று கிடையாது. தண்ணீர்தான். எங்களுக்குக் குழாயில் வருவது பனி உருகின நீர். அதில் ஒன்றுமே இல்லை. அதனால் எதைப் போட்டாலும் சொன்னபடி கேட்கும். உங்கள் ஊரில் கிணற்று நீர், உவர். பார்லியை ஊறவைக்கும்போது அந்த ஊறலின் பி.எச். ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெளிர் மால்ட்டுக்கு உவர் தண்ணீரை இழுத்துக் கீழே கொண்டுவரும் பலம் இல்லை. பி.எச். ஆறுக்கு மேலே போனால் பார்லித் தோலில் இருக்கும் துவர்ப்பெல்லாம் சாற்றில் இறங்கிவிடும். ஹாப்ஸின் கசப்பும் முரடாகிவிடும். நாக்கு சுருள்வது அதனால்தான்.

செய்ய வேண்டியது: தண்ணீரை முதலில் அரை மணி நேரம் தனியாகக் கொதிக்க வை. ஆறவிடு. அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடு. பிறகு ஊறலில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார். மருந்துக்கடையில் சோதனைத் தாள் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து எண்ணை எழுதி அனுப்பு. இல்லையென்றால் வறுத்த கருப்பு மால்ட் சேர்த்துக் கரும்பீர் காய்ச்சு. உவர் தண்ணீருக்கு அது பொருந்தும்.

பீர் விஷயம் இவ்வளவுதான்.

மற்றது: என் பெயரை அங்கே யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்றெல்லாம் எனக்கு எழுத வேண்டாம். அம்மா சாகும் முன் பத்தொன்பது நாள் படுக்கையில் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் கண் திறந்ததும் "நில்தா வந்துட்டாளா?" என்று கேட்டாள். "பஸ் ஏறிட்டாம்மா" என்று பத்தொன்பது நாளும் பொய் சொன்னவன் நான். அதை உன் மனைவிக்கு நீ சொல்ல வேண்டாம். அவளுக்கே தெரிந்திருக்கும்.

லிசாந்த்ரோ

•

கொலோனியா சாந்தா ஒதீலியா
26 ஏப்ரல் 1998

மச்சான்,

நீ சொன்னபடியே செய்தேன். பலிக்கவில்லை.

சோதனைத் தாள் வாங்கினேன். கிணற்றுத் தண்ணீர் எட்டேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவில் காட்டியது. அரை மணி போதாது என்று நானாக நினைத்து, பால் கேனில் ஊற்றி மூன்றில் ஒரு பங்கு வற்றும் வரை கொதிக்க விட்டேன். நீ சொன்ன வெள்ளைச் சுண்ணாம்பு எதுவும் அடியில் இல்லை. விரலால் வழித்துப் பார்த்தேன், மாவு தூவின மாதிரி ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். தாளை மறுபடி நனைத்தேன். ஒன்பதுக்கு மேலே போயிருந்தது. கொதிக்க வைத்தால் குறையும் என்றாயே, ஏறியிருக்கிறது. எலுமிச்சை எட்டு பிழிந்தும் இறங்கமாட்டேன் என்றது. பீர் சோப்புக் கரைசல் மாதிரி வந்தது.

ஒரு நன்மை மட்டும் நடந்திருக்கிறது. நில்தாவுக்கு ரொம்ப நாளாக வயிறு சரியில்லை. நான் கொதிக்க வைத்ததைப் பார்த்துவிட்டு, "கொதிச்ச தண்ணியில கிருமி இருக்காதுல்ல, எனக்கும் அதுலயே எடுத்து வை" என்றாள். இப்போது மாத்தேவுக்கும் சூப்புக்கும் குடிக்கவும் அதுதான். அடுப்பில் பகல் முழுவதும் கேன் கிடக்கிறது.

நீ கடைசியில் எழுதியிருந்த அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி. மூன்று வாரம் யோசித்தேன். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் மச்சான். அதை இப்போது உடைக்கிறேன்.

உன் தந்தி வந்த அன்று நில்தா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் மாதம், கலைந்துவிட்டது. அது மூன்றாவது. முதல் இரண்டும் உங்களுக்குத் தெரியாது. ரத்தம் நிற்கவில்லை. எழுந்து உட்காரவே பன்னிரண்டு நாள் ஆயிற்று. அப்போதும் பஸ் ஏறுகிறேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனாள். டாக்டர் திட்டி உள்ளே அனுப்பினார். "அம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் இதச் சொல்லாத. சாகப்போறவளுக்குச் சொல்ற சேதியா இது? மாடு கன்னு போடுது, வர முடியலன்னு சொல்லு" என்றாள். நான் அப்படியே எழுதினேன். மாடு கன்று போட்டதற்காக அம்மா சாவுக்கு வராதவள் என்று அதற்கப்புறம் நீ எழுதின கடிதம் அவளிடம்தான் இருக்கிறது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இத்தோடு விடுகிறேன்.

நெஸ்தோர்

•

எல் பொல்சோன்
12 மே 1998

மாப்பிள்ளை,

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு நான் இன்னும் பதில் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அதை அப்புறம் எழுதுகிறேன். அவசரமான ஒன்று இருக்கிறது.

சுண்ணாம்பு படியவில்லை என்று எழுதியிருந்தாய். அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் எப்படி இவ்வளவு காரத்தன்மையோடு இருக்கும்? இங்கே மீன் குஞ்சுப் பண்ணைக்குத் தண்ணீர் சோதிக்க ஒரு பெண் வருகிறாள், செசீலியா என்று பெயர், வேதியியல் படித்தவள். உன் எண்களைக் காட்டினேன். "சமையல் சோடா கரைச்ச மாதிரி தண்ணி. கொதிக்க வெச்சா ஏறத்தான் செய்யும், இறங்காது. உங்க மாப்பிள்ள பீரத் தலமுழுக வேண்டியதுதான்" என்று சிரித்தாள். பிறகு, "கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமவெளியில் இப்படிச் சுண்ணாம்பு இல்லாமல் சோடா மட்டும் ஏறிய கிணறுகளில் ஆர்செனிக் இருப்பதுண்டாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. வருடக்கணக்கில் உடம்பில் சேருமாம். உள்ளங்கையிலும் பாதத்திலும் சோள முத்து மாதிரி கெட்டியாக எழும்புமாம். மார்பில் தூறல் விழுந்த மாதிரி புள்ளி வருமாம். அவள் இதைச் சொன்னதும் நான் உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

நெஸ்தோர், கொதித்தால் அது போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், அது அங்கேயே நிற்கும். வற்ற வற்ற அளவு கூடும். கொதிக்க வை என்று எழுதியது நான்.

இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேனைக் கவிழ்த்துக் கொட்டு. குடிக்கவும் சமைக்கவும் ஊர்த் தொட்டியிலிருந்து கொண்டுவா. கோர்தொபாவில் பல்கலைக்கழகத்துச் சோதனைச்சாலைக்கு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் அனுப்பு. முகவரியை செசீலியா தன் கையால் கீழே எழுதியிருக்கிறாள். வெறும் கிணற்று நீர் என்று சொல்லாதே, ஆர்செனிக் பார்க்க வேண்டும் என்று சொல்.

நில்தாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்.

லிசாந்த்ரோ

•

கொலோனியா சாந்தா ஒதீலியா
2 ஜூன் 1998

லிசாந்த்ரோ,

மீன் குஞ்சு பார்க்கிற பெண் ஒருத்தி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு என் கிணற்றில் விஷம் என்கிறாள், நீயும் அதை எழுதி அனுப்புகிறாய். இந்தக் கிணறு என் அப்பா தோண்டியது. பத்து நாள் இடுப்பில் கயிறு கட்டி இறங்கித் தோண்டினார். இந்தத் தண்ணீரில்தான் நாங்கள் நாலு பேர் வளர்ந்தோம். அப்பா கடைசி நாள் வரை இதைத்தான் குடித்தார். ஒரு நாள் படுத்ததில்லை. அவர் கை மரப்பட்டை மாதிரி இருக்கும், பால் கறந்தால் மாடு உதைக்கும், அதை வைத்து வீட்டில் எல்லோரும் கேலி பேசுவோம். மார்பு முழுக்கப் புள்ளி, வெயிலில் நின்று நின்று வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் நுரையீரலில் கட்டி வந்து, ஒரு சிகரெட்டைத் தொடாத மனிதர்

5 ஜூன்

மேலே உள்ளதைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். உன் மேல் கோபத்தில் எழுத ஆரம்பித்து அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே மாட்டுக்குத் தீனி வைத்தேன்.

நேற்று சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்றேன். எனக்கும் இருக்கிறது. நான் உங்கள் ஊரில் இருந்த ஆறு வருடம் என்னைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கும் போல.

நில்தாவின் கையை வாங்கிப் பார்த்தேன். "என்னய்யா, பதினோரு வருஷம் கழிச்சு ஜோசியம் பாக்குறியா?" என்றாள். வலது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று வெடித்துப் புண்ணாகி இருக்கிறது. ஆறு மாதமாக ஆறவில்லையாம். என்னிடம் சொல்லவில்லை.

பால் லாரிக்காரரிடம் பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று நில்தா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதினாய் என்பதையும், உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதையும். எழுந்து போய் அடுப்பிலிருந்த கேனைக் கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு, "பீர் நல்லால்லன்னு தண்ணிய டெஸ்டுக்கு அனுப்புன குடும்பம் நம்மதா இருக்கும்" என்றாள்.

நெஸ்தோர்

•

கொலோனியா சாந்தா ஒதீலியா
30 ஜூன் 1998

மச்சான்,

முடிவு வந்துவிட்டது. லிட்டருக்கு 0.41 மில்லிகிராம். சட்டப்படி இருக்கக்கூடியது 0.05 என்று பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அது கிணற்றிலிருந்து எடுத்த பச்சைத் தண்ணீர். ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய அவள் குடித்தது அதுகூட இல்லை, நான் காய்ச்சிக் குறுக்கினது.

கோர்தொபாவுக்கு அழைத்துப் போனேன். தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்ததுமே, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்றுதான் கேட்டார். என்ன வலி என்று கேட்கவில்லை. ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்று. ஆழமாகப் போகவில்லை, ஆனால் விட்டுவைக்கக் கூடாது என்றார். ஆகஸ்டில் அறுக்கிறார்கள். சுண்டுவிரலும் போகும்.

குழந்தைகளைப் பற்றி நான்தான் கேட்டேன், அவள் வெளியே போன பிறகு. "அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கொதிக்க வைத்ததற்கு நீ உன்னை நொந்துகொள்ளாதே, அதனால் வந்ததல்ல என்று டாக்டரே சொன்னார். ஏழு வாரத்தில் வருவதல்ல இது, பத்துப் பதினைந்து வருடத்துக் கதையாம். அப்படியானால் கணக்கு என்னிடம்தான் வருகிறது. நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணைப் பஸ் ஏற்றி இந்தக் கிணற்றுக்குக் கூட்டிவந்தவன் நான்.

இதை அவளிடமும் சொன்னேன். "நானா ஏறி வந்தேன், நீ ஒண்ணும் என்னத் தூக்கிட்டு வரல. படு" என்றாள்.

நெஸ்தோர்

•

எல் பொல்சோன்
14 ஜூலை 1998

மாப்பிள்ளை,

இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். அம்மா இருந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. கூரையைப் போன மாதம் சரிசெய்தேன். எதற்காகச் சரிசெய்கிறேன் என்று அப்போது தெரியாது.

மாடுகளை விட்டு உன்னால் உடனே வர முடியாது என்று தெரியும். அதுவரை கூரையில் விழும் மழையைப் பிடி. முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடு, தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். பிறகு வருவதை மூடின தொட்டியில் சேர்த்துவை. குடிக்கிறதற்கு மட்டும் கொதிக்க வை. இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பீருக்கும் அதுவே. எங்கள் பனித் தண்ணீர் போலத்தான் மழையும், உள்ளே ஒன்றும் இருக்காது, ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டால் போதும். இந்த நேரத்தில் பீர் ஒரு கேடா என்று நீ கேட்பாய். எனக்கு வேறு எதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பின்னால் இருக்கும் தாள் நில்தாவுக்கு. அவள் கையில் கொடு.

நில்தா,

அம்மாவைப் புதைத்த மறுநாள் தபால் நிலையத்துக்கு நீ போன் செய்தாய். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். "நான் வீட்ல இல்லன்னு சொல்லிடு" என்று வந்தவரிடம் சொல்லி அனுப்பினேன். நீ காத்திருந்தாய், பிறகு வைத்துவிட்டாய் என்று மறுநாள் சொன்னார்கள். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ வராததை நாலு வருடம் எல்லோரிடமும் சொன்னேன்.

மாடு என்று எழுதியதை நான் நம்பியிருக்கக் கூடாது. மாட்டுக்காக நிற்கிறவளா நீ. அண்ணன் என்று இருந்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

வா.

லிசாந்த்ரோ

•

கொலோனியா சாந்தா ஒதீலியா
17 ஆகஸ்ட் 1998

மச்சான்,

அறுவை நல்லபடியாக முடிந்தது. வெட்டின இடத்து விளிம்புகளில் புற்று மிச்சமில்லை, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறார்கள். என்னுடையதையும் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் வெட்ட வேண்டாமாம்.

உன் தாளை அவள் நின்றுகொண்டே படித்தாள். மடித்து ஏப்ரனில் போட்டுக்கொண்டு துணி எடுக்கக் கொடிக்குப் போனாள். வர நேரமாயிற்று. வந்து, "இவன் எழுத்து இன்னும் கோழி கிளறுன மாதிரிதான் இருக்கு" என்றாள். அப்புறம் இரண்டு நாள் கழித்து, நான் எதுவும் சொல்லாமலே, பஸ் எப்போது என்று கேட்டாள். 27ஆம் தேதி வியாழக்கிழமை ஏற்றிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பாள். பஸ் நிலையத்தில் அம்மாவைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். "அங்க நின்னு அழ மாட்டேன். வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்." அந்தக் கையால் பெட்டியைத் தூக்க விடாதே.

நான் மாடுகளுக்கு வழி செய்துவிட்டு வருகிறேன். கோடைக்கு முன்னால் முடியும் என்று தோன்றவில்லை. கிணற்றைப் பலகை அடித்து மூடினேன். பக்கத்துக் கிணறுகள் நாலு. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் சோதனைக்குப் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டுக் கிழவர், "ஒங்கப்பன் இந்தத் தண்ணியத்தானே குடிச்சான்" என்றார். ஆமாம் என்றேன். அவர் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடி போவேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு மழை பெய்தது. பிடித்ததில் பத்து லிட்டர் எடுத்து, நீ சொன்னபடி ஜிப்சம் போட்டுக் காய்ச்சினேன். ஊறல் ஐந்தரையில் தானாக வந்து நின்றது. ஒரு சொட்டு எலுமிச்சை விடவில்லை. நேற்று முதல் பாட்டிலைத் திறந்தேன். வைக்கோல் நிறம், தெளிவு, கசப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது மச்சான். அதுதான் தாங்க முடியவில்லை. பதினோரு வருடம் இந்தத் தண்ணீர் என் கூரையிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போயிருக்கிறது.

நெஸ்தோர்

•

எல் பொல்சோன்
30 ஆகஸ்ட் 1998

மாப்பிள்ளை,

வந்து சேர்ந்துவிட்டாள் என்று கடைக்கு போன் செய்து சொல்லியிருந்தேன், சொல்லியிருப்பார்கள். மீதியை எழுதுகிறேன்.

பஸ் மூன்று மணி நேரம் தாமதம். மலைமேல் பனி. இறங்கினவர்களில் யார் நில்தா என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. அதை அவள் கண்டுகொண்டாள். "என்ன முழிக்கிற? நீயும் ஒண்ணும் ராஜா மாதிரி இல்ல" என்றாள். இளைத்திருக்கிறாள், நெஸ்தோர். நீ தினமும் பார்க்கிறவன், உனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் குழாயடிக்குப் போனாள். இடது கையால் டம்ளரைப் பிடித்து மூன்று டம்ளர், ஒன்றின் பின் ஒன்றாக. பிறகு, "இதுல ருசியே இல்லயே" என்றாள். பதினோரு வருடம் உவரில் பழகிய நாக்கு. நான் சிரித்தேன். அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு அங்கேயே, அடுப்புப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். பத்தொன்பது நாளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். முதல் நாள் அம்மா என்ன சாப்பிட்டாள், இரண்டாம் நாள் யார் வந்தார்கள் என்று. நினைவிருந்ததைச் சொன்னேன். பொய்யையும் சொன்னேன், பஸ் ஏறிவிட்டாள் என்று சொன்னதை. "நல்லதுதான் சொன்ன" என்றாள். அதற்கப்புறம் அவள் தன்னுடைய மூன்றையும் சொன்னாள். மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அவளாகச் சொல்லும் வரை கேட்காதே.

கல்லறைக்கு இன்னும் போகவில்லை. பாதை முழுக்கச் சேறு. வெயில் வரட்டும் என்றாள்.

நில்தாவிடம் நீ கொடுத்தனுப்பின பீர் பாட்டில்கள் இரண்டும் உடையாமல் வந்தன. ஒன்றைத் திறந்தேன். நான் காய்ச்சுவதைவிட நன்றாக இருக்கிறது. இதை இரண்டாம் முறை எழுதமாட்டேன்.

இப்போது ஞாயிறு காலை பதினொரு மணி. நில்தா அம்மா அறையில் தூங்குகிறாள். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவள். இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தேன், கட்டுப் போட்ட கை போர்வைக்கு வெளியே கிடக்கிறது, மூச்சு சீராக வருகிறது. தேவாலயத்து மணி அடித்தும் எழவில்லை. எழுப்ப மனம் வரவில்லை.

லிசாந்த்ரோ